கிளிக் செய்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் வருகிறது: கேமிங் கணினியில் ஒலித் தாமதத்தையும் மவுஸ் தாமதத்தையும் குறைப்பது எப்படி?

இரவுக்குருவி

வணக்கம். போன மாதம் கணினியைப் புதுப்பித்தேன். ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ராம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 11. ஆடுவது பெரும்பாலும் வாலரன்ட், எப்போதாவது கவுன்டர் ஸ்ட்ரைக் 2. ஃபிரேம் எண்ணிக்கையில் குறையே இல்லை, 144ஐத் தொட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறது.

ஆனாலும் மவுஸ் கொஞ்சம் இழுக்கிறது. அதைவிட எரிச்சல், பட்டனை அழுத்துவதற்கும் துப்பாக்கிச் சத்தம் காதில் விழுவதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரிகிறது. நண்பன் வீட்டில் இதைவிடப் பழைய கணினியில் இது தெரியவில்லை. ஆகவே பிரமை இல்லை என்று நினைக்கிறேன்.

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பத்துப் பதினைந்து இடத்தில் மாற்று, ஹெச்பிஇடி என்ற மதர்போர்டு கடிகாரத்தை அணை, டைமர் ரெசல்யூஷன் மென்பொருளை ஓடவிடு, விண்டோஸ் சர்வீஸ்களைப் பாதி நிறுத்து என்று போகிறது. கைவைப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். ஹெட்செட் சாதாரண 3.5 மி.மீ. ஒயர் உள்ளதுதான், மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகியிருக்கிறேன். மதர்போர்டோடு வந்த 7.1 சரவுண்ட் மென்பொருளும் ஓடுகிறது.

பச்சைமிளகாய்

ப்ரோ, வீடியோவில் சொன்னது எல்லாம் சரிதான். தயங்காமல் செய்யுங்கள். இன்னும் நல்லது வேண்டுமென்றால் குப்பையெல்லாம் எடுத்த விண்டோஸ் ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) இணையத்தில் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். டைமரை 0.5 மில்லி செகண்டில் நிறுத்துங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், மவுஸ் பறக்கிறது.

தறிச்சத்தம்

இரவுக்குருவி, "144ஐத் தொட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறது" என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வாலரன்டில் 3060 கார்டு தானாக 144இல் நிற்காது, விட்டால் தாண்டி ஓடும். எதுவோ அதைப் பிடித்து நிறுத்துகிறது. அநேகமாக வி-சிங்க், அதாவது மானிட்டரின் வேகத்துக்கு ஏற்ப ஃபிரேம்களைக் காத்திருக்க வைக்கும் அமைப்பு. கேமுக்குள் அணைத்திருந்தாலும் என்விடியா கண்ட்ரோல் பேனலில் யாராவது போட்டு வைத்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் வெடிப்பு தெரியும் வரை பல படிகள் இருக்கின்றன. மவுஸ் நிமிடத்துக்கு நிமிடம் கத்திக்கொண்டிருப்பதில்லை, கணினி கேட்கும்போதுதான் பதில் சொல்லும். 125 ஹெர்ட்ஸில் கேட்டால் அதிகபட்சம் 8 மில்லி செகண்ட் காத்திருப்பு, 1000 ஹெர்ட்ஸில் 1. அடுத்து, கேம் ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் அந்த உள்ளீட்டை எடுத்துக்கொள்கிறது. சிபியு அந்த ஃபிரேமுக்கான வேலையைத் தயார் செய்து ஜிபியுவிடம் தள்ளுகிறது. ஜிபியு வரைகிறது. கடைசியில் மானிட்டர் மேலிருந்து கீழாக வரிவரியாக அதைக் காட்டுகிறது. 144 ஹெர்ட்ஸில் அந்தக் கடைசி வேலைக்கு மட்டும் ஏறக்குறைய 6.9 மில்லி செகண்ட், 60 ஹெர்ட்ஸில் 16.7.

தாமதம் வீங்குவது நடுவில், சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் இடையே. ஜிபியு மூச்சுமுட்ட 99 சதவீதத்தில் ஓடினாலோ, வி-சிங்க் அதைத் தடுத்து நிறுத்தினாலோ, சிபியு சும்மா இருக்காமல் அடுத்தடுத்த ஃபிரேம்களைத் தயார் செய்து வரிசையில் நிறுத்திவிடும். ரேஷன் கடையில் கார்டை வாங்கி அடுக்கிவிட்டு ஆளை நிற்கவைப்பது மாதிரிதான். உங்கள் கிளிக் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, ஆனால் முன்னால் இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். 144 ஹெர்ட்ஸில் இரண்டு ஃபிரேம் என்றால் 14 மில்லி செகண்ட். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதே இரண்டு ஃபிரேம் 33.

இதற்கு என்விடியா 2020இல் கொண்டுவந்த மருந்துதான் ரிஃப்ளெக்ஸ். அது ஜிபியுவை வேகமாக்குவதில்லை. சிபியு முந்திப்போகாமல் இழுத்துப் பிடிக்கிறது, வரிசை சேருவதில்லை. நீங்கள் ஆடும் இரண்டு கேமிலும் அது இருக்கிறது. "ஆன்" போதும். "ஆன் + பூஸ்ட்" கார்டின் கடிகார வேகத்தை இறங்கவிடாமல் வைக்கும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், பலன் சொற்பம்.

மானிட்டர் ஜி-சிங்க் கம்பாட்டிபிள், அதாவது கார்டின் ஃபிரேம் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது என்றால்: ஜி-சிங்க் போடுங்கள், கண்ட்ரோல் பேனலில் வி-சிங்க் போடுங்கள், கேமில் வி-சிங்க் அணையுங்கள், ரிஃப்ளெக்ஸ் போடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஃபிரேம் தானாக 138இல் போய் நிற்கும். உச்சத்தைத் தொடாததால் வி-சிங்கின் தாமதம் எட்டிப்பார்க்காது, திரையும் கிழியாது, அதாவது இரண்டு ஃபிரேம்களின் துண்டுகள் ஒன்றாகத் தெரியாது. ஜி-சிங்க் இல்லாவிட்டால் வி-சிங்கை எல்லா இடத்திலும் அணைத்துவிட்டு, திரை கிழிவதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதை மாற்றுவதற்கு முன்னும் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். இல்லையென்றால் பச்சைமிளகாய் சொல்வதும் நான் சொல்வதும் உங்களுக்கு ஒன்றுதான்.

இரவுக்குருவி

மிக்க நன்றி. கண்ட்ரோல் பேனலில் வி-சிங்க் போட்டுத்தான் இருந்தது! அளப்பது எப்படி? அதற்கென்று கருவி வாங்க வேண்டுமா?

தறிச்சத்தம்

வேண்டாம். கைபேசியே போதும்.

படத்துக்கு: 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில், மவுஸ் பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். பயிற்சி மைதானத்தில் சுவரைப் பார்த்துச் சுடுங்கள். பட்டன் கீழே போனதிலிருந்து துப்பாக்கி முனையில் தீப்பொறி தெரியும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லி செகண்ட். ஒவ்வொரு சூட்டுக்கும் வேறு வேறு எண் வரும், சராசரி எடுங்கள். சில கைபேசிகளில் 960 என்று போட்டிருப்பது நடுவில் கற்பனை ஃபிரேம்களைச் சேர்த்துக் காட்டுவது. அதை நம்பாதீர்கள்.

சத்தத்துக்கு இன்னும் எளிது. ஹெட்செட்டின் ஒரு காதை மவுஸ் பக்கத்தில் வையுங்கள், பக்கத்திலேயே கைபேசி. ஒலிப்பதிவு போட்டுவிட்டுச் சுடுங்கள். பட்டனின் "டிக்" சத்தமும் ஹெட்செட்டிலிருந்து வரும் வெடிச் சத்தமும் ஒரே பதிவில் விழும். இரண்டும் ஒரே மைக் வழியாகப் போவதால் கைபேசியின் சொந்தத் தாமதம் கணக்கில் வராது. அந்தக் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து இரண்டு முகடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தால் முடிந்தது.

எதிரியைச் சுட்டு, தலையில் பட்ட "டிங்" சத்தத்தை வைத்து அளக்காதீர்கள். அது சர்வர் போய் வரும் விஷயம், பிங் சேர்ந்துவிடும். சுடும் சத்தம் உங்கள் கணினியிலேயே பிறக்கிறது.

பச்சைமிளகாய்

ஒரு கேள்வி அண்ணே. 0.5 டைமர் வைத்தபிறகு எனக்கு வித்தியாசம் தெரிந்ததே, அது எப்படி? எத்தனையோ புரோ பிளேயர்கள் வைத்திருக்கிறார்கள்.

கீழடுக்கு

நான் டிரைவர் எழுதும் வேலையில் இருப்பவன். டைமர் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

விண்டோஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விழித்து வேலைகளைப் பார்க்கிறது என்பதுதான் டைமர் இடைவெளி. இயல்பாக அது 15.6 மில்லி செகண்ட். எந்த ஒரு நிரலாவது 1 மில்லி செகண்ட் வேண்டும் என்று கேட்டால் முன்பெல்லாம் கணினி முழுமைக்கும் அது மாறிவிடும். பின்னணியில் ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட்டு 0.5 வாங்கும் வித்தை அந்தக் காலத்தில் ஓரளவு அர்த்தமுள்ளது. விண்டோஸ் 10இன் 2004 பதிப்பில், அதாவது 2020 மே மாதம், மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. இப்போது கேட்ட நிரலுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். பின்னணியில் ஓடும் உங்கள் மென்பொருள் தனக்குத்தானே 0.5 வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கேமுக்கு அதில் பங்கில்லை. விண்டோஸ் 11இல் ரெஜிஸ்ட்ரி வழியாகப் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது உண்மை. ஆனால் கேம்கள் பெரும்பாலும் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

ஹெச்பிஇடி இன்னொரு கட்டுக்கதைக் கிணறு. இன்றைய கணினியில் விண்டோஸ் நேரம் பார்ப்பது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி என்ற எண்ணியிலிருந்து. அது மிக வேகமானது. யாராவது பிசிடிஎடிட் கட்டளையில் "யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக்" என்பதை ட்ரூ என்று போட்டால் விண்டோஸ் வலுக்கட்டாயமாக மெதுவான கடிகாரத்துக்குப் போகும். 2018இல் ஆனந்த்டெக் தளம் ரைசன் 2000 வரிசையைச் சோதித்தபோது இதே விஷயத்தில்தான் சிக்கியது. ஹெச்பிஇடியைக் கட்டாயமாக்கிச் சோதித்ததால் இன்டெல் சிப்களின் கேம் எண்கள் நன்றாகவே குறைந்து வந்தன, பிறகு மறுபடி சோதித்து விளக்கம் எழுதினார்கள். ஆகவே செய்ய வேண்டியது, பழைய வீடியோ பார்த்து அந்த வரியை எப்போதாவது போட்டிருந்தால் அழிப்பது. போடவில்லை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பயாஸில் ஹெச்பிஇடியை அணைப்பதாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வெட்டிய விண்டோஸ் ஐஎஸ்ஓ பற்றி: முகம் தெரியாத ஒருவர் மாற்றிய இயங்குதளத்தில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்களா? அது போக, விண்டோஸ் 11இல் வாலரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அதையெல்லாம் பிடுங்கிப் போட்ட ஐஎஸ்ஓவில் கேமே திறக்காமல் போகலாம்.

பச்சைமிளகாய்

சரி சரி, ஐஎஸ்ஓவை விட்டுவிடுகிறேன். டைமர் விஷயத்தை நானே அந்த ஆடாசிட்டி முறையில் அளந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

இரவுக்குருவி

அளந்தேன். வி-சிங்க் இருக்கும்போது கிளிக்கிலிருந்து தீப்பொறி வரை சராசரி 13 ஃபிரேம், அதாவது 55 மில்லி செகண்ட் பக்கம். ஜி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் எல்லாம் தறிச்சத்தம் சொன்னபடி போட்டதும் 7 ஃபிரேம், 29 மில்லி செகண்ட். ஃபிரேமும் 138இல் போய் நிற்கிறது. மவுஸ் இழுப்பது சுத்தமாகப் போய்விட்டது.

ஆனால் சத்தம்? முதலில் 140 மில்லி செகண்ட். இப்போதும் அதே 140தான். இது புரியவில்லை.

பழைய_ஹெட்செட்

புரிய வேண்டிய இடம் இதுதான். படமும் சத்தமும் ஒரே கிளிக்கில் பிறந்தாலும் வேறு வேறு வழியில் போகின்றன. கேம் உங்கள் கிளிக்கைப் பார்த்த அந்தக் கணமே "இந்தச் சத்தத்தை எழுப்பு" என்று ஒலி எஞ்சினிடம் சொல்லிவிடுகிறது. ஜிபியு வரிசை, மானிட்டர் எதுவும் அதற்குத் தெரியாது. ரிஃப்ளெக்ஸால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

ஒலியின் வழி முழுக்கப் பஃபர்கள், அதாவது ஒலியைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் இடங்கள். முதலில் கேமுக்குள்ளேயே ஒரு கலவை பஃபர். பல கேம்கள் பயன்படுத்தும் எஃப்மாட் என்ற ஒலி எஞ்சினில் இயல்பு நிலை 1024 சாம்பிள் (ஒலியின் சின்னச் சின்ன அளவீடுகள்), 4 பஃபர். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி செகண்ட். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் கேம் செய்பவர் 1024, 512, 256 என்று தேர்ந்தெடுக்கலாம். இது கேம் செய்தவர் கையில் இருக்கிறது, ஆடுபவர் ஒன்றும் செய்ய முடியாது. சில கேம்களில் சத்தம் எப்போதும் கொஞ்சம் பின்னால் வருவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து விண்டோஸின் ஒலி எஞ்சின். எல்லா மென்பொருளின் சத்தத்தையும் சேர்த்துக் கலப்பது அது. வழக்கமாக 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, 480 சாம்பிள் அளவில் வேலை செய்யும். அதற்குப் பிறகு "மெருகூட்டும்" அடுக்குகள்: 7.1 சரவுண்ட், பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர், காலடிச் சத்தத்தைப் பெரிதாக்கும் மாயம். ஒவ்வொன்றும் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டுத்தான் வெளியே விடும். இரவுக்குருவி, உங்கள் 140இல் பெரிய பங்கு அங்கே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

செய்ய வேண்டியது: அந்த 7.1 மென்பொருளை அணைத்தால் போதாது, நீக்கிவிடுங்கள். சிலவற்றில் அணைத்தாலும் ஒலி அதன் வழியாகவே போகும். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், உங்கள் ஹெட்செட், அங்கே ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஆஃப், ஸ்பேஷியல் சவுண்ட் ஆஃப். இரண்டு காதுக்கு ஹெச்ஆர்டிஎஃப் (சத்தம் வரும் திசையை உணரவைக்கும் முறை) வேண்டுமானால் கேமுக்குள்ளேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள், வாலரன்டிலும் சிஎஸ்2விலும் இருக்கிறது. கேமுக்கு ஒலி எந்தத் திசையில் பிறக்கிறது என்று தெரியும், வெளியே உட்கார்ந்திருக்கும் மென்பொருள் அதை ஊகிக்கத்தான் முடியும். டிஸ்கார்டுக்கு ஒரு குழாய், பாட்டுக்கு ஒரு குழாய் என்று பிரித்துத் தரும் வர்ச்சுவல் மிக்சர் வைத்திருந்தால் அதுவும் தன் பங்குக்கு ஒரு பஃபரைச் சேர்க்கும்.

புளூடூத் ஹெட்செட்டில் ஆடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே சொன்னது எதுவும் உங்களுக்கு உதவாது. சாதாரண எஸ்பிசி என்ற ஒலிச்சுருக்க முறையில் 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை தாமதம் வருவது வழக்கம். வீடியோ பார்க்கும்போது பிளேயர் படத்தைத் தாமதித்து ஈடுகட்டுவதால் தெரியாது, கேமில் அது முடியாது. மைக்கையும் அதிலேயே ஆன் செய்தால் ஒலித்தரம் தொலைபேசி மாதிரி இறங்கிவிடும். ஒயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் தனி யூஎஸ்பி டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட் வாங்குங்கள்.

இரவுக்குருவி

பந்தயத்தில் ஜெயித்தீர்கள். நீக்கிவிட்டு, என்ஹான்ஸ்மென்ட்ஸ் அணைத்த பிறகு 84. காதுக்கே தெரிகிறது. இன்னும் இறக்க முடியுமா?

பழைய_ஹெட்செட்

இன்னும் கொஞ்சம். விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் தன் சொந்த ஹெச்டி ஆடியோ டிரைவரில் ஒரு வசதி சேர்த்தது: 480 சாம்பிளுக்குப் பதிலாக 128 வரை இறங்கலாம். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.67 மில்லி செகண்ட். இதில் ஒரு வினோதம் உண்டு. ஒரே ஒரு நிரல் சின்ன பஃபர் கேட்டால் போதும், அதே ஒலிக்கருவியில் ஓடும் மற்ற எல்லா நிரல்களும் அந்தச் சின்ன பஃபருக்கு மாறிவிடும். "ரியல்" என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. அது செய்வது இவ்வளவுதான்: பின்னணியில் உட்கார்ந்து சின்ன பஃபரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கீழடுக்கு சொன்ன டைமர் மென்பொருளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அது இப்போது தனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறது, இது ஊருக்கே வாங்கித் தருகிறது.

நிபந்தனை: மதர்போர்டின் ஒலி சிப்புக்கு வழக்கமாக வரும் ரியல்டெக் டிரைவரில் பெரும்பாலும் 10 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காது. டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியைத் திறந்து, டிரைவரைப் பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லி, "ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்" என்பதை வையுங்கள். முன்பக்க ஜாக் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி போன்ற சில போகலாம். பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பலாம். மிச்சம் 7 மில்லி செகண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். துப்பாக்கி ஆட்டத்துக்கு இது ஆடம்பரம் என்பேன். தாள விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு மட்டும் உண்மையிலேயே பயன்படும்.

விலை உயர்ந்த டேக் (கணினியின் எண் ஒலியைக் கேட்கும் ஒலிக்கான மின்அலையாக மாற்றும் கருவி) வாங்கினால் தாமதம் குறையும் என்று கடையில் சொல்வார்கள். தாமதத்தைத் தீர்மானிப்பது டிரைவரும் பஃபரும். ஒலி தெளிவாகும், வேகமாகாது.

தாளக்காரி

தாள விளையாட்டு என்றதும் வந்துவிட்டேன். ஓசு ஆடுகிறேன், அதனால் இந்த 7 மில்லி செகண்ட் எனக்கு ஆடம்பரம் இல்லை :)

புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் குழம்புகிறார்கள். "ஆஃப்செட் போட்டால் தாமதம் சரியாகிவிடும்" என்பார்கள். ஆஃப்செட் தாமதத்தைக் குறைப்பதில்லை. பாட்டு இவ்வளவு மில்லி செகண்ட் தாமதமாகக் காதில் விழுகிறது என்று கேமுக்குத் தெரிவிக்கிறது, கேம் அதற்கேற்பப் படத்தையும் மதிப்பெண் கணக்கையும் நகர்த்திக்கொள்கிறது. பாட்டைப் பொறுத்தவரை இது முழுத் தீர்வு. ஏனென்றால் பாட்டில் அடுத்து என்ன வரும் என்று கேமுக்கு முன்பே தெரியும்.

நீங்கள் தட்டும்போது வரும் சத்தத்துக்கு இது பலிக்காது. நீங்கள் எப்போது தட்டுவீர்கள் என்று கேமுக்கு முன்கூட்டித் தெரியாது. தட்டிய பிறகுதான் சத்தம் புறப்படும், பஃபர்களைத் தாண்டி வரும். பாட்டு சரியாகவும் உங்கள் தட்டுச்சத்தம் பின்தங்கியும் கேட்கும். மூளை அந்தத் தட்டுச்சத்தத்தைத் தாளத்தோடு சேர்க்கப் பார்க்கும், கை தானாக முந்த ஆரம்பிக்கும். பிறகு "எனக்கு எப்போதும் எர்லி வருகிறது" என்று புலம்பல். ஓசுவில் 300 மதிப்பெண்ணுக்கான ஜன்னல், ஓவரால் டிஃபிகல்ட்டி (பாட்டின் கடின அளவு) 8 என்றால் முன்னும் பின்னும் 32 மில்லி செகண்ட், 10 என்றால் வெறும் 20. தட்டுச்சத்தம் 60, 70 பின்னால் வந்தால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு உங்களை இழுக்கிறது என்று அர்த்தம்.

அதனால் இரண்டு வழி. தாமதத்தை நிஜமாகவே குறைப்பது, அல்லது தட்டுச்சத்தத்தை அணைத்துவிட்டு விசைப்பலகையின் சொந்த "டக்" சத்தத்தைக் கேட்டு ஆடுவது. எனக்குத் தெரிந்த பலர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், மலிவும் அதுதான். பஃபரைக் குறைத்தால் ஆஃப்செட்டையும் மறுபடி சரிசெய்ய மறக்காதீர்கள், பழைய எண் இப்போது தவறாகிவிடும்.

மொட்டைமாடி

மேலே சொன்ன "ரியல்" மென்பொருளை என் லேப்டாப்பில் போட்டேன். சத்தம் வெடுக் வெடுக்கென்று அறுந்து வருகிறது. லேட்டன்சிமான் ஓட்டினால் சிவப்புக் கோடு. இதைச் சரிசெய்தால் மவுஸும் வேகமாகுமா?

கீழடுக்கு

இரண்டு தனி விஷயம். லேட்டன்சிமான் காட்டுவது உங்கள் கிளிக் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அல்ல. ஏதாவது ஒரு டிரைவர் சிபியுவை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதை. டிபிசி என்பார்கள். ஒரு டிரைவர் 4 மில்லி செகண்ட் பிடித்து வைத்தால், 10 மில்லி செகண்ட் பஃபர் அதைத் தாங்கிக்கொள்ளும். 2.67 பஃபர் தாங்காது, காலியாகிவிடும், நீங்கள் கேட்டது அந்த அறுப்புதான். பஃபர் என்பது வீணாக வைத்த தாமதம் இல்லை, இந்தத் திடீர் நெரிசலுக்காகத்தான் அது இருக்கிறது.

லேப்டாப்பில் வழக்கமான குற்றவாளிகள்: வைஃபை டிரைவர் சுற்றுவட்டாரத்தை ஸ்கேன் செய்யும்போது என்டிஐஎஸ் கோப்பின் பெயர் மேலே வரும், பேட்டரி நிலையைக் கேட்கும்போது ஏசிபிஐ வரும், என்விடியா டிரைவர் எப்போதுமே பட்டியலில் இருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளில் ஓட்டிப் பாருங்கள். மின்சாரத்தில் செருகி, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வையுங்கள். ஆர்ஜிபி விளக்கு, விசிறி கண்காணிப்பு மென்பொருள்களை மூடுங்கள், அவை ஹார்டுவேரை அடிக்கடி தொட்டுக்கொண்டே இருப்பவை. பயாஸும் சிப்செட் டிரைவரும் புதிதாகட்டும். அதற்கும் அடங்காவிட்டால் "ரியல்" வேண்டாம், 10லேயே இருங்கள். அறுந்த சத்தத்தைவிட 7 மில்லி செகண்ட் தாமதம் மேல்.

பெங்குவின்_பிரியன்

லினக்ஸ்காரர்களுக்கும் நாலு வரி. லினக்ஸின் ஒலி அமைப்பான பைப்வயரில் இயல்பு குவான்டம் (ஒரு தடவைக்கான பஃபர்) 1024 சாம்பிள், 48,000இல் 21 மில்லி செகண்ட். அதை 256 ஆக்கினால் 5.3. ஸ்டீமில் புரோட்டான் வழியாக ஓடும் விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் பழைய ஒலி அமைப்பான பல்ஸ் வழியாகப் பேசுவதால், பைப்வயருக்கான மாறியை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று குழம்புவார்கள். லாஞ்ச் ஆப்ஷனில் பல்ஸின் லேட்டன்சி மாறியைப் போடுங்கள். 60 மில்லி செகண்டில் தொடங்கி, சத்தம் அறுந்து போகும் வரை இறக்கிக்கொண்டே வந்து, ஒரு படி மேலே நிறுத்துங்கள்.

பச்சைமிளகாய்

அளந்துவிட்டேன். டைமர் மென்பொருள் இருக்கும்போதும் இல்லாதபோதும் எண்கள் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன, பிரிக்க முடியவில்லை. நீக்கிவிட்டேன், மகிழ்ச்சியா?

ஆனால் என்னிடமும் ஒரு சரக்கு இருக்கிறது, இதையாவது ஒத்துக்கொள்ளுங்கள். ஒயர்லெஸ் மவுஸின் டாங்கிளைப் பின்பக்க நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகியிருந்தேன், பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க். கோப்பு நகலெடுக்கும்போதெல்லாம் மவுஸ் தத்தித் தத்திப் போகும். நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளை மவுஸ்பேட் பக்கத்தில் வைத்ததும் நின்றுவிட்டது.

தறிச்சத்தம்

ஒத்துக்கொள்கிறேன், முழுக்கச் சரி. யூஎஸ்பி 3 கேபிள்களும் துளைகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸ் பெட்டியிலேயே அந்த நீட்டிப்பு கேபிளைத் தருவதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாரும் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள்.

மொட்டைமாடி

வைஃபை அணைத்ததும் சிவப்புக் கோடு போய்விட்டது, நன்றி கீழடுக்கு. 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா?

தறிச்சத்தம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 125இலிருந்து 1000க்குப் போனால் சராசரிக் காத்திருப்பு 4 மில்லி செகண்டிலிருந்து அரை மில்லி செகண்டாகும். 1000த்திலிருந்து 8000க்குப் போனால் அந்த அரையில்தான் பெரும்பகுதி மிச்சம். அதற்குச் சிபியு நொடிக்கு 8000 முறை எழுந்து பதில் சொல்ல வேண்டும், லேப்டாப் சிபியுவில் சில கேம்கள் அதனாலேயே தடுமாறும். 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருந்தால் அந்தப் பணத்தை மானிட்டரில் போடுங்கள்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, யாரும் கேட்கவில்லை என்றாலும். ரிஃப்ளெக்ஸுக்கு இணையானது ஆன்டி-லேக் 2, சிஎஸ்2வில் இருக்கிறது, கேமுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். 2023 அக்டோபரில் சிஎஸ்2வுக்கு வந்த ஆன்டி-லேக் பிளஸ் வேறு. அது டிரைவரிலிருந்து கேமின் கோப்புக்குள் நுழைந்து வேலை செய்ததால் வால்வின் ஏமாற்றுத் தடுப்பு அதைக் கண்டு சிஎஸ்2 ஆட்டக்காரர்களைத் தடை செய்தது. ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பழைய டிரைவரை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டு விளையாட்டுக் காட்டாதீர்கள்.

இரவுக்குருவி

கடைசி நிலவரம்: மைக்ரோசாஃப்ட் டிரைவர், "ரியல்" இரண்டும் போட்டபின் சத்தம் 74 பக்கம். அறுப்பு எதுவும் இல்லை. ரெஜிஸ்ட்ரியைத் தொடவே இல்லை. முன்பக்க ஜாக்கில் செருகியிருந்த மைக் பிளக் மட்டும் வேலை செய்யவில்லை, அதையும் பின்பக்கம் மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. தம்பி ஹாலில் டிவியில் இதே கணினியை ஹெச்டிஎம்ஐ வழியாகப் போட்டு ஆடப்போகிறானாம். சத்தம் டிவியோடு இணைந்த சவுண்ட்பாரில். ஏதாவது பார்க்க வேண்டுமா?

பழைய_ஹெட்செட்

டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றும் வேலையிலேயே சில டிவிகள் 100 மில்லி செகண்டைத் தின்றுவிடும். ஒலி கணினியிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு என்று போனால் இரண்டு இடத்திலும் பஃபர். சவுண்ட்பாரில் சினிமா, சரவுண்ட் மாதிரி மோடுகளை அணைத்து, டிவியின் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று வையுங்கள், டால்பியாக மாற்றி அனுப்பும் வேலை மிச்சமாகும். சவுண்ட்பார் டிவியோடு புளூடூத்தில் இணைந்திருந்தால் முதல் வேலையாக ஒரு கேபிள் வாங்குங்கள். ஆட்டம் தொடங்கும் முன் அதே கைபேசி ஒலிப்பதிவை எடுத்து இங்கே போடுங்கள். அளக்கும்போது கைபேசியைச் சவுண்ட்பார் பக்கத்தில் பிடித்து, மவுஸையும் அங்கேயே கொண்டுபோய் அழுத்துங்கள். ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் காற்றிலேயே 3 மில்லி செகண்ட் போய்விடும்.